மெல்லிய குரலுக்கு ஏற்ற வாயில்

உரத்துப் பேசுவோரின் சொல் எளிதில் அவையேறும். மெல்லப் பேசுவோரின் சொல் அவையேறுவதற்கோ இடைநிற்போரின் நேர்மை வேண்டும். வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து தாழ்ந்த குரலில் விடை கூறுகிறான் ஒரு மாணவன். அவன் கூறியதை ஆசிரியருக்கு எடுத்துரைக்கும் தோழன் தன் சொல் ஒன்றையும் அதில் கலந்துவிடுகிறான். அப்போது ஆசிரியர் செவியில் விழுவது யாருடைய விடை? மாந்தர் நடுவே எழும் இவ்வினா பொறிகளின் நடுவேயும் எழுவதுண்டு. வெப்பத்தை உணரும் கருவி எழுப்பும் மிக நுண்ணிய மின் குறிப்பை, அளக்கும் கருவியிடம் கொண்டு சேர்க்கும் வழியில் எத்தகைய சுவிட்சை வைப்பது என்பதே அவ்வினா. பொறியாளரின் சிறு கவலையாகத் தோன்றும் இத்தேர்வு, ஓர் உழைப்பாளியின் நற்பெயரைக் காக்கவும் கெடுக்கவும் வல்லதாய் அமைந்துவிடுவதுண்டு.

வெப்பம் மின்சாரத்தின் மொழியிலும் பேசும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் தலையாயவர் தாமஸ் யோகான் சீபெக் என்னும் அறிஞர். அவர் 1821ஆம் ஆண்டில் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. அது காந்தத்தின் விளைவு என்றே அவர் கருதினார். வளையத்தில் மின்சாரம் ஓடுவதாலேயே ஊசி திரும்புகிறது என்று விளக்கியவர், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை அதற்கு முந்திய ஆண்டில் கண்டறிந்த எர்ஸ்டெட் ஆவார். இருவேறு உலோகக் கம்பிகளின் இணைப்பாகிய வெப்ப மின்னிரட்டை இவ்வாறு தோன்றியது. உருக்காலையின் உலை முதல் உணவுச்சாலையின் அடுப்பு வரை, இன்றும் எண்ணற்ற இடங்களில் வெப்பத்தை உணர்ந்து சொல்வது அதுவே.

அது சொல்லும் சொல் எத்துணை மெல்லியது! தொழிற்சாலைகளில் பெருவழக்காக உள்ள கே வகை இரட்டை, நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி ஒன்றையும், நிக்கலும் அலுமினியமும் கலந்த கம்பி ஒன்றையும் கொண்டது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் உயரும். கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட். அதனை 36,000 கூறுகளாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறே, இவ்விரட்டை ஒரு பாகையைக் குறிக்க எழுப்பும் ஒலி. பிளாட்டினமும் ரோடியமும் கொண்ட எஸ் வகை இரட்டையோ அறை வெப்பத்தில் இதில் ஏழில் ஒரு பங்கு அளவே பேசும்.

இவ்வளவு மெல்லிய குரலைக் கேட்பதற்குத் தேர்ந்த பெருக்கியும் நுண்ணிய அளவியும் வேண்டும். அவை விலை மிகுந்தவை. ஓர் ஆலையில் 24 இடங்களில் வெப்பம் அளக்க வேண்டுமெனில் 24 பெருக்கிகளை வாங்குவது சிக்கனமாகாது. ஒரே பெருக்கியை வைத்து, ஒவ்வோர் இரட்டையையும் முறைவைத்து அதனோடு இணைப்பதே வழக்கம். இணைக்கும் வேலையைச் செய்வதுதான் அனலாக் சுவிட்ச். வீட்டு விளக்கின் சுவிட்ச் போல வெறுமனே 'உண்டு', 'இல்லை' என்பதோடு இதன் கடமை முடிவதில்லை. வரும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவையும் கூட்டாது குறையாது உள்ளே விட வேண்டும். அரண்மனை வாயிலில் நின்று, வருவோர் சொன்ன செய்தியைச் சொன்னவாறே மன்னனிடம் உரைக்கும் வாயிலோனின் கடமை இதற்குண்டு.

வாயிலோன் தவறும் வழிகள் மூன்று. முதலாவது, திறந்திருக்கும்போதும் வழியில் சிறிது தடை செய்வது. அது சுவிட்சின் மின்தடை. இரண்டாவது, மூடியிருக்கும் கதவின் இடுக்கு வழியே பிறர் பேச்சைக் கசிய விடுவது. அது கசிவு மின்னோட்டம். மூன்றாவது, தானே ஒரு சொல்லைப் புனைந்து சேர்ப்பது. அது சுவிட்சுக்குள்ளேயே பிறக்கும் வெப்ப மின்னழுத்தம். இம்மூன்றும் அறவே இல்லாத சுவிட்ச் உலகில் இல்லை. எத்தவற்றை எவ்விடத்தில் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்று தெளிவதே தேர்வு.

தேர்வுக்கு வந்து நிற்போர் பெரும்பாலும் இருவர். ஒருவர் ரீட் ரிலே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் என்பவர் 1936இல் உருவாக்கிய அமைப்பு அது. நிக்கலும் இரும்பும் கலந்த இரு மெல்லிய தகடுகள் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். குழாயைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தகடுகள் காந்தமாகி ஒட்டிக்கொள்ளும், நின்றால் பிரியும். மற்றொருவர் குறைக்கடத்திச் சுவிட்ச். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968இல் வெளியிடத் தொடங்கிய 4000 வரிசைச் சில்லுகளின் வழியே இது எங்கும் பரவியது. அவ்வரிசையின் 4051 என்னும் சில்லு ஒன்றே எட்டு வாயில்களையும் ஒரு பொது வழியையும் தன்னுள் கொண்டது. அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை, தேய்மானமும் இல்லை, விலையும் மிகக் குறைவு.

இவ்விருவருள் யார் சிறந்தவர் என்று பொதுவில் கேட்டால் விடை கிடைக்காது. 1990களின் நடுவில் பேராக் மாநிலத்துக் கட்டி இரப்பர் ஆலை ஒன்றில் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்கும்.

தோட்டங்களிலிருந்து வரும் உறைந்த இரப்பரைச் சிறு துண்டுகளாக்கிக் கழுவி, நீண்ட உலர்த்திக்குள் சூடான காற்றில் உலர்த்தி, பின்னர் கட்டிகளாக அழுத்துவது அவ்வாலையின் தொழில். மலேசியத் தரக் குறியீட்டு முறை 1965இல் நடப்புக்கு வந்தபின், கட்டி இரப்பரின் தூய்மையும் உலர்ச்சியும் சோதனைக்கு உரியவையாயின. உலர்ச்சி போதாத கட்டியைப் பிளந்தால் நடுவே வெண்புள்ளிகள் தென்படும். வெப்பம் மிகுந்தாலோ இரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே உலர்த்தியின் 24 இடங்களில் வெப்ப மின்னிரட்டைகளைப் பதித்திருந்தனர். கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் வெப்பம் 110 பாகையில் நிற்குமாறு எரிகலனைச் சீர்செய்வது உலர்த்தியைக் காப்பவரின் பொறுப்பு.

பகல் வேளையில் அப்பொறுப்பை ஏற்றிருந்தவர் முப்பது ஆண்டுகள் அத்தொழிலில் முதிர்ந்த தமிழர். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி அமைக்கப்பட்ட பின்னர், நண்பகலுக்குப் பிறகு வெளிவரும் கட்டிகளில் வெண்புள்ளிகள் மிகுந்தன. இரவுக் கட்டிகளோ குறையின்றி இருந்தன. வெப்பப் பதிவுத்தாளைப் புரட்டிப் பார்த்த மேலிடத்தார், பகலிலும் இரவிலும் 110 பாகையே பதிவாகியிருப்பதைக் கண்டனர். பொறியின் மேல் குறை இல்லை. எனவே பகலாள் இரப்பர்ப் பெட்டிகளை நேரத்துக்கு முன்பே வெளியே இழுக்கிறார் என்று முடிவுகட்டினர். காரணம் கேட்டு அவருக்குக் கடிதம் ஒன்று எழுதப்பட்டது. அச்சிட்ட எண்ணுக்கு முன்னால் முப்பதாண்டுப் பழக்கம் வாயடைத்து நின்றது.

அவர் தம் குறையைச் சொல்வதற்கு ஆலையில் கிடைத்த ஒரே செவி, பால்மரம் வெட்டியவரின் மகனாகப் பிறந்து தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று வந்த இளம் கருவித் தொழில்நுட்பனுடையது. "தம்பி, இந்தப் பெட்டி காட்டுற சூடு உள்ளே இல்லப்பா. வாசத்திலேயே எனக்குத் தெரியுது" என்றார் முதியவர். "பார்க்கிறேன் அண்ணே. நீங்க சொல்ற நேரத்திலேயே வந்து பார்க்கிறேன்" என்றான் அவன். அவ்விளைஞன் முதியவரை நம்பிப் பொறியைப் பழிக்கவுமில்லை. பொறியை நம்பி முதியவரைப் பழிக்கவுமில்லை. சோதித்துப் பார்க்கத் துணிந்தான்.

அவன் செய்த சோதனை எளியது. வெப்ப மின்னிரட்டை ஒன்றைக் கழற்றி, அது இணைந்திருந்த இரு முனைகளையும் சிறு செப்புக் கம்பியால் ஒன்றாக்கினான். உணரி இல்லாத அந்நிலையில், அளவி இணைப்பு முனைகளின் வெப்பத்தையே காட்ட வேண்டும். இணைப்புப் பெட்டி நிழலான இடத்தில் இருந்தது. அதனுள் வைத்த கண்ணாடி வெப்பமானி பிற்பகலில் 33 பாகை காட்டியது; அளவியோ 38 காட்டியது. விடியற்காலையில் அதே சோதனையைச் செய்தபோது வேறுபாடு ஒரு பாகையை ஒட்டியே இருந்தது. பகலில் பொறி ஐந்து பாகை மிகுத்துச் சொல்கிறது. அதனால் 110 எனக் காட்டும்போது உலர்த்திக்குள் இருப்பது 105 மட்டுமே. முதியவர் சொன்னது மெய்யாயிற்று.

காரணம் யாது? சில்லுகள் இருந்த பெட்டி உலர்த்தியின் சுவரை ஒட்டி நின்றது. விடியலில் அதனுள் வெப்பம் 30 பாகை. பிற்பகலில் 50 பாகை. குறைக்கடத்திச் சுவிட்சின் கசிவு, வெப்பம் பத்துப் பாகை உயரும்தோறும் ஏறத்தாழ இருமடங்காகும் இயல்பினது. ஆகவே விடியலினும் பிற்பகலில் கசிவு நான்கு மடங்காயிற்று. 24 வாயில்களும் ஒரே பொது வழியில் கூடுவதால், மூடிய 23 வாயில்களின் கசிவும் திறந்த ஒரு வாயிலின் வழியே பாய்ந்தது. அவ்வழியிலோ, மின் அதிர்ச்சியிலிருந்து சில்லைக் காப்பதற்கும் இரைச்சலை வடிகட்டுவதற்கும் 2,000 ஓம் மின்தடை வைக்கப்பட்டிருந்தது. 100 நானோ ஆம்பியர் கசிவு 2,000 ஓம் தடையின் ஊடே பாய்ந்தால் எழும் அழுத்தம் 200 மைக்ரோவோல்ட். ஒரு பாகைக்கு 41 மைக்ரோவோல்ட் எனில், 200 என்பது ஏறத்தாழ ஐந்து பாகை. கணக்கும் காட்சியும் ஒத்து நின்றன.

இளைஞன் சில்லின் தரவுத்தாளை எடுத்துப் பார்த்தான். வாயில்கள் மூடிய நிலையில் 25 பாகை வெப்பத்தில் 100 நானோ ஆம்பியர் வரை கசியலாம் என்று தயாரிப்பாளரே அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார். சில்லு பழுதன்று; கசிவும் அவர் கூறிய எல்லையைத் தாண்டவில்லை. வோல்ட் கணக்கில் பேசும் குறிப்புகளுக்கு அது நல்ல வாயிலே. மைக்ரோவோல்ட்டில் பேசும் குறிப்புக்கு அதனை வாயிலாக்கியதுதான் பிழை. பழுது பொருளில் இல்லை, தேர்வில் இருந்தது.

இனி எதனைத் தேர்வது? வழிகள் மூன்று தென்பட்டன. காப்புத் தடையை 2,000 ஓமிலிருந்து 100 ஓமாகக் குறைத்தால் பிழை கால் பாகையாகச் சுருங்கும். ஆயினும் காப்பும் வடிகட்டலும் தளர்ந்துவிடும். கசிவு மிகக் குறைந்த சில்லுகளை வாங்கலாம். ஒரு நானோ ஆம்பியர் கசியும் சில்லு, 50 பாகை வெப்பத்தில் ஆறு நானோ ஆம்பியர் அளவு கசியும். 2,000 ஓமில் அது 12 மைக்ரோவோல்ட். பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை. அதுவும் பொறுக்கத் தக்கதே. ஆனால் வேறோர் இடர் இருந்தது. இரட்டைகள் உலர்த்தியின் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தன. அருகில் பெரிய மின்னோடிகள் சுழன்றன. அவற்றால் இரு கம்பிகளிலும் பொதுவாக வந்தேறும் அழுத்தம், சில்லுக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தின் எல்லையைக் கடந்தால், மூடிய வாயிலும் திறந்துகொள்ளும். சில்லே கருகவும் கூடும்.

மூன்றாவது வழி ரீட் ரிலே. பிரிந்து நிற்கும் தகடுகளுக்கு இடையே கசிவு என்பது கணக்கில் கொள்ளத் தக்கதன்று. ஒவ்வோர் இரட்டைக்கும் இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் இருமுனை ரிலேயை வைத்தால், முறை வராத இரட்டைகள் அளவியிலிருந்து அறவே விலகி நிற்கும். எனினும் இவ்வாயிலோனுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. தகட்டின் நிக்கல் இரும்பும் சுற்றின் செம்பும் சேரும் இடம் ஒவ்வொன்றும் தானே ஒரு வெப்ப மின்னிரட்டை ஆகிவிடுகிறது! சுருளின் சூடு தகட்டின் இரு முனைகளையும் ஒரே அளவில் தாக்காவிட்டால், பத்துக்கணக்கான மைக்ரோவோல்ட் பொய்யழுத்தம் அங்கேயே பிறக்கும். இதனைத் தணிக்கவென்றே வெப்ப மின்னழுத்தம் குறைந்த ரிலேக்கள் தனியாகச் செய்யப்படுகின்றன. அவற்றில் இரு தகட்டு இணைகளும் அருகருகே ஒரே வெப்பத்தில் அமைவதால், ஒன்றில் பிறக்கும் பொய்யை மற்றொன்றின் பொய் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அளக்கும் அக்கணத்தில் மட்டும் சுருளுக்கு மின்சாரம் ஊட்டினால் சூடேறவும் நேரம் இராது.

தகடுகள் தேயுமே என்ற ஐயத்துக்கும் கணக்கே விடை கூறிற்று. ஓர் இரட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். உலர்த்தியின் வெப்பம் நொடிக்கு நொடி தாவுவதன்று. ஓராண்டில் அது 5,25,600 முறை. பளுவின்றி இயங்கும் ரீட் ரிலே ஒன்று பத்துக் கோடி முறை உழைக்கும் எனக் கொண்டால், அது தேய 190 ஆண்டுகள் ஆகும். அதே ரிலேயை நொடிக்கு நூறு முறை இயக்கினால், அப்பத்துக் கோடியும் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்துபோகும். விரைவு வேண்டும் இடத்தில் இந்த வாயிலோன் ஆகான். பொறுமை போதும் இடத்தில் இவனினும் சிறந்தவன் அரியன். உலர்த்திக்கு ரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது.

புதிய வாயில் மெய் சொல்கிறதா என்பதையும் அவன் சோதிக்காமல் விடவில்லை. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கே வெள்ளீயம் வழங்கிய மண். தூய வெள்ளீயம் உறையும் வெப்பம் 231.928 பாகை என்பது, 1990ஆம் ஆண்டின் உலக வெப்ப அளவுத்திட்டத்தில் நிலைப்புள்ளிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. சிறு கிண்ணத்தில் தூய வெள்ளீயத்தை உருக்கி, அதனுள் வெப்ப மின்னிரட்டையை நிறுத்தி, மெல்ல ஆறவிட்டான் இளைஞன். இறங்கிக்கொண்டே வந்த எண், ஈயம் உறையும் வேளையில் நகராது நின்றது. அவ்வெண்ணை விடியலிலும் குறித்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேறிய பிற்பகலிலும் குறித்தான். இரண்டும் அரைப் பாகைக்குள் ஒத்திருந்தன. மண்ணில் பிறந்த உலோகமே சான்று கூறிற்று.

அடுத்த வாரம் முதல் பகல் கட்டிகளில் வெண்புள்ளிகள் மறைந்தன. முதியவர்மேல் எழுதப்பட்ட கடிதம் கோப்பிலிருந்து நீக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்து வேறொரு கடிதம் எழுதப்படவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, ரிலேயே எங்கும் சிறந்தது என்று முடிவு கட்டுவது மீண்டும் அதே பிழையைச் செய்வதாகும். பிளாட்டினத் தடைமானியை எடுத்துக்கொள்ளலாம். அதன் மின்தடை சுழிப் பாகையில் 100 ஓம். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். அங்கே கசிவினும் சுவிட்சின் தடையே பெரும்பகை. நூறு ஓம் தடையுள்ள சுவிட்ச் ஒன்றை அதனோடு தொடராக இணைத்து அளந்தால், அளவி 260 பாகைப் பொய்யைச் சொல்லும்! இதற்கு மருந்து சுவிட்சை மாற்றுவது மட்டுமன்று. இணைப்பு முறையை மாற்றுவதாகும். கெல்வின் பெயரால் வழங்கும் நான்கு கம்பி முறையில், இரு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும். வேறிரு கம்பிகள் அழுத்தத்தை மட்டும் அறிந்து வரும். அழுத்தம் அறியும் கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாமையால், அவ்வழியில் உள்ள சுவிட்சின் தடை எவ்வளவாயினும் பொய் பிறப்பதில்லை. அம்முறையில் எளிய குறைக்கடத்திச் சுவிட்சும் நன்மகனாகிவிடுகிறது. அவ்வாறே நொடிக்கு ஆயிரம் முறை அளக்க வேண்டிய இடத்தில், கசிவு குறைந்த சில்லே ஏற்றது. ரிலேக்கு அங்கே வேலையில்லை.

ஆதலின் தேர்வு சுவிட்சிலிருந்து தொடங்குவதன்று. பேசவிருக்கும் உணரியிடமிருந்து தொடங்குவது. அதன் குரல் எவ்வளவு மெல்லியது, அது நிற்கும் வழியில் தடை எவ்வளவு, சுற்றுப்புறத்தின் சூடு யாது, எத்தனை முறை அது பேச வேண்டும் என்ற நான்கையும் கேட்டறிந்த பின்னரே விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும். விலையை முதலில் பார்ப்பவர் 4051ஐ வாங்குவார். புகழை முதலில் பார்ப்பவர் ரிலேயை வாங்குவார். பேசுபவரை முதலில் பார்ப்பவரே சரியானதை வாங்குவார்.

நடுவு நிலைமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலும் அளவுக் கருவியே. அது ஒரு பக்கம் சாய்வது தட்டில் வைத்த பொருளால் இருக்க வேண்டுமேயன்றித் தன் கோணலால் இருத்தலாகாது. எடுத்துரைப்போர் அனைவர்க்கும் இது பொருந்தும். பழம்பாடலுக்கும் பயிலும் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் ஆசிரியர், பிள்ளையின் பேச்சைப் பெற்றோரிடம் கொண்டு செல்லும் ஆசிரியர், தொழிலாளியின் முறையீட்டை மேலிடத்துக்கு எழுதும் எழுத்தர் ஆகிய யாவரும் வாயிலில் நிற்போரே. உரத்த குரலுக்கு எவ்வாயிலும் போதும். மெல்லிய குரல் வரும்போதுதான் வாயிலின் கசிவும் சூடும் வெளிப்படும். பேராக்கில் அந்த இளைஞன் முதலில் மாற்றியது சுவிட்சையன்று. பிற்பகலில் நேரில் வந்து, முதியவர் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் அளந்து பார்த்ததே முதல் மாற்றம். மற்றவை யாவும் அதன்பின் வந்த கணக்கு.